விழுந்தார், இறங்கினார், இறக்கினார்கள்

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் தப்புகள் வருடா வருடம் பெரிதாக மாறுவதில்லை. ‘என்டர்ட் இன்டு தி ரூம்’ என்று எழுதுவார்கள். ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்று எழுதுவார்கள். அக்காவுக்கு டாக்டரோடு கல்யாணம் ஆனால் ‘மேரீட் வித் எ டாக்டர்’. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அறைக்குள் என்றுதானே நுழைகிறோம்? ஒன்றைப் பற்றித்தானே பேசுகிறோம்? ஒருவரோடுதானே கல்யாணம் நடக்கிறது? தமிழில் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் உருபை அவர்கள் நேர்மையாக ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே சில வினைகள் அந்தச் சின்னச் சொல்லைத் தமக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கின்றன. சில வினைகள் அது இல்லாமல் நிற்கவே மாட்டா. சிலவற்றில் அதை மாற்றினால் அர்த்தமே வேறாகிவிடும். எது எப்படி என்பதற்குப் பெரிய விதி ஒன்றும் கிடையாது, பழகித்தான் வரவேண்டும். ராணிப்பேட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் என் வேலைக்காலம் முழுக்க இதைத்தான் சொல்லிக் கொடுத்து வருகிறேன்.

மதிப்பெண்ணுக்காக இல்லாமல் வெறும் ஆசைக்காக இதையெல்லாம் என்னிடம் கேட்ட ஒரே ஆள் என் தங்கையின் கணவர். தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் டிரம் செக்‌ஷனில் வேலை பார்த்தார். ஆளுயரத்தைவிடப் பெரிய மர உருளைகள். அவற்றுக்குள் தோலையும் ரசாயன மருந்தையும் தண்ணீரையும் போட்டுச் சுற்ற விடுவார்கள். மருந்து கம்பெனியிலிருந்து அவ்வப்போது ஒரு டெக்னீஷியன் வந்து ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். அது புரிந்தால் டிரம் ஆபரேட்டர் ஆகலாம், பிறகு சூப்பர்வைசர் ஆகலாம் என்று இவருக்கு ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையோடும் மகளோடும் எங்கள் வீட்டுக்கு வருவார். என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் பெட்ரோலைத் தீர்த்துவிட்டுக் கொண்டு வந்து நிறுத்துவார். போனில் பேசினால் தெருவே கேட்கும். தங்கைக்கும் அவருக்கும் வாரத்தில் ஒரு சண்டையாவது உண்டு. ஆனால் என் எதிரில் உட்கார்ந்தால் மட்டும் மாணவன்.

“ஏன்கா, காருக்கு கெட் இன், பஸ்ஸுக்கு கெட் ஆன்னு சொல்றாங்க. ரெண்டும் ஏர்றதுதான?”

“உள்ள நின்னு நடக்க எடம் இருந்தா ஆன். குனிஞ்சு உள்ள போய் உக்காரணும்னா இன்.”

“ஷேர் ஆட்டோ?”

“இன்.”

“நீங்க ஸ்கூட்டர்ல போறீங்க, உங்களுக்குத் தெரியாது. எங்க ஷேர் ஆட்டோல உள்ள எடம் எங்க இருக்குது? தொங்கிக்கினுதான் வர்றோம். அதுக்கு ஆன்தான்கா.”

அவர் சொன்னது சரி என்றே ஒத்துக்கொண்டேன். ‘லுக்’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டியிருக்கிறார். ‘லுக் அட்’ என்றால் பார்ப்பது, ‘லுக் ஃபார்’ என்றால் தேடுவது, ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள்வது. “எல்லாத்துக்கும் கண்ணு ஒண்ணுதான், பின்னால வர்ற வாலுதான் வேற” என்று தங்கையிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் அடுப்படியிலிருந்து, “அந்தக் கடைசி லுக்கக் கொஞ்சம் வீட்டுல பண்ணு” என்றாள்.

அவர் இறந்த செய்தி இரண்டாவது பீரியடில் வந்தது. தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் வந்து நின்று என்னை வெளியே கூப்பிட்டார். கம்பெனியில் ஏதோ ஆகிவிட்டது, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், உங்கள் தங்கை அங்கேதான் இருக்கிறாள் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிணவறைக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வீட்டில் போடும் நைட்டிக்கு மேல் யாருடைய துப்பட்டாவோ போட்டிருந்தாள். அவரை உள்ளே வைத்திருந்தும் கம்பெனிக் கழிவுத் தொட்டியின் நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. அழுகிய முட்டைபோல ஒரு வாடை. தோல் கம்பெனிகள் இருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கே அது தாங்கவில்லை.

கம்பெனி மேனேஜர் எங்களிடம் வந்தார். கண் கலங்கித்தான் இருந்தார், அதை நான் மறைக்க விரும்பவில்லை. “கழிவுத் தண்ணித் தொட்டியில தவறி விழுந்துட்டாரும்மா. எங்களால ஒண்ணும் பண்ண முடியல” என்றார்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். “அவரு எதுக்கு சார் அங்க போனாரு? அவரு டிரம்மு இல்ல?”

மேனேஜர் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் பேப்பரிலும் ‘தவறி விழுந்து’ என்றுதான் வந்தது. போலீசார் எழுதியதிலும் அப்படித்தான். ஸ்டேஷனில் நான் கேட்டேன். தொட்டிக்கு மேலே சிமென்ட் மூடி இருக்கிறது, ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் வாய் இருக்கிறது, அதில் எப்படித் தவறி விழ முடியும் என்று. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, “நீங்க பாத்தீங்களா டீச்சர்?” என்றார். நான் பார்க்கவில்லை.

பார்த்தவன் ஒருவன் இருந்தான். அதே செக்‌ஷனில் வேலை செய்த இளைஞன், தங்கை வீட்டுக்கு அடுத்த தெரு. உள்ளே மயங்கிக் கிடந்தவரைத் தூக்கலாம் என்று பாதி ஏணி இறங்கியவன். அவனையும் விஷவாயு அடித்தது. மேலே நின்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டதால் பிழைத்தான். மருத்துவமனையில் அவனைப் பார்க்கப் போனபோது மூக்கில் குழாய் இருந்தது. அவனுடைய அம்மா கட்டில் பக்கத்தில் தஸ்பீஹ் மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தார். “ஜாஸ்தி பேச வைக்காதீங்க டீச்சர், மூச்சு வாங்குது” என்றார்.

அவன் ஒரு வார்த்தைதான் சொன்னான். தங்கையைப் பார்த்து, “எறக்குனாங்கக்கா” என்றான்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். “வுழல. எறங்கல. எறக்குனாங்க.” ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். இறங்கினால் அது அவர் செய்த வேலை. இறக்கினால் அது வேறொருவர் செய்த வேலை. விழுந்தால் யாரும் எதையும் செய்யவில்லை.

கம்பெனி கொடுத்த பணத்தையும் அரசு கொடுத்ததையும் பற்றி இங்கே எழுத எனக்கு எதுவுமில்லை. வந்தது, வாங்கினாள். துக்கத்துக்கு வந்தவர்களில் எல்லா நாளும் வந்தது மேஸ்திரியின் மனைவி மட்டும்தான். மேஸ்திரி என்று எல்லோரும் கூப்பிடும் அவர் அந்தக் கம்பெனியில் ஆட்களை வேலைக்குப் பிரித்து விடுகிறவர். தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். அவர் மனைவி காலையில் இட்லி கொண்டுவந்து என் தங்கை மகளுக்கு ஊட்டிவிட்டுப் போவார். மேஸ்திரி மட்டும் கருமாதி வரைக்கும் எங்கள் வாசல் பக்கம் வரவே இல்லை.

இரண்டு மாதம் போனபின் எனக்கு ஒரு போன் வந்தது. அந்தக் கம்பெனித் தோலை வாங்கிச் செருப்பு செய்யும் வெளிநாட்டு நிறுவனம் இதைப் பற்றி விசாரிக்க ஒரு பெண்மணியை அனுப்பியிருக்கிறதாம். வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. கம்பெனி தரும் ஆளை வைத்துப் பேச அவருக்கு விருப்பமில்லை, குடும்பத்தில் யாருக்காவது ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். “நீங்க இங்கிலீஷ் டீச்சர் இல்லையா, நீங்களே இருங்க” என்றார் கம்பெனி ஆபீசிலிருந்து பேசியவர்.

அந்தப் பெண்மணி தங்கை வீட்டுக்கு வந்தபோது கூடவே கம்பெனியின் இளைஞர் ஒருவர் வந்தார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, நல்ல ஆங்கிலம். வாசலில் நின்றபடியே, ‘ஹி ஃபெல் இன்டு தி டேங்க், வெரி அன்ஃபார்ச்சுனேட்’ என்று அறிமுகம் செய்து வைத்தார். அந்தப் பெண்மணி தலையசைத்துவிட்டு, கொஞ்சம் காரில் போய் உட்காருங்கள் என்று அவரிடம் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். தங்கை நாற்காலியைக் காட்டினாள். வேண்டாம் என்று கையசைத்தார். ஏணியில் பாதி இறங்கிப் பிழைத்த அந்த இளைஞனும் வந்திருந்தான். குழாய் எடுத்துவிட்டார்கள், இருமல் மட்டும் விடவில்லை.

அந்தப் பெண்மணி மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகக் கேட்டார். முதலில் வேலை நேரம், எந்தச் செக்‌ஷன், எத்தனை பேர் என்பது போன்றவை. பிறகு, இறந்தவர் எப்படித் தொட்டிக்குள் போனார் என்று கேட்டார். ‘ஹவ் டிட் ஹி கெட் இன்டு தி டேங்க்?’ யோசித்துத்தான் அந்த வினையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. விழுந்தாலும், தானே இறங்கினாலும், யாராவது இறக்கினாலும் ‘கெட் இன்டு’ பொருந்தும். முன்கூட்டியே எதையும் முடிவு செய்யாத வினை.

நான் தமிழில் கேட்டேன். தங்கை, “எறக்குனாங்க” என்றாள்.

இந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குச் சில விநாடிகள் பிடித்தன. தமிழில் செய்தவர் வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த ‘ஆங்க’ ஒருவராகவும் இருக்கலாம், பத்துப் பேராகவும் இருக்கலாம், ஒரு கம்பெனியாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘தே’ என்று ஆரம்பித்தால் யார் அந்த ‘தே’ என்ற கேள்வி உடனே வரும். அதனால் பாசிவ் வாய்ஸில் சொன்னேன். ‘ஹி வாஸ் சென்ட் டவுன்.’ அவர் கீழே அனுப்பப்பட்டார். செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ முக்கியமில்லாவிட்டாலோ ‘பை’ என்று தொடங்கும் பகுதியை விட்டுவிடலாம் என்பது நானே நடத்தும் பாடம்.

அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டார். நிமிர்ந்து, “பை ஹூம்?” என்றார்.

“யாராலன்னு கேக்கறாங்க” என்றேன். தங்கையின் கண் வாசலுக்குப் போய்விட்டு வந்தது. மேஸ்திரியின் மனைவி இட்லி கொண்டுவந்த தூக்கு இன்னும் அவள் வீட்டு அலமாரியில் இருந்தது.

“கம்பெனின்னு சொல்லு” என்றாள்.

சொன்னேன். கம்பெனியில் யார் என்றார் அவர்.

அந்த இளைஞன்தான் பேசினான். “தொட்டி பம்பு அடச்சிக்கிச்சி டீச்சர். தண்ணி ஏர்ல. மேஸ்திரி போன்ல பேசினாரு. சரிங்க சார், சரிங்க சார்னாரு. போன வச்சிட்டு எங்கள திரும்பிப் பாத்து, ஒருத்தன் எறங்கி எடுத்து வுடுங்கடா, மோட்டார் ஓடணும்னாரு. அண்ணன்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு. மாஸ்க்கு இல்ல, கயிறு இல்ல. ஏணிய வச்சாங்க. அவ்ளோதான்.”

“டேய்” என்றாள் தங்கை. பிறகு என்னிடம், “மேஸ்திரின்னு சொல்லிடாதக்கா. அவர மட்டும் புடிச்சிக்கினு போவாங்க. போன்ல பேசினவன யாரு புடிப்பா?”

“அவன் சொன்னத சொல்லித்தான ஆகணும்?”

“போன்ல வந்துச்சுன்றதயும் சேத்து சொல்லு. அத வுட்டுடாத.”

மேஸ்திரிக்கு ஆங்கிலத்தில் சூப்பர்வைசர் என்று வைத்து இரண்டையும் சேர்த்தே சொன்னேன். சூப்பர்வைசர் அவரை இறங்கச் சொன்னார். சூப்பர்வைசருக்கு மேலே இருக்கும் ஒருவர் போனில் அப்படிச் செய்யச் சொன்னார். போனில் யார் என்று அந்தப் பெண்மணி கேட்டார். இளைஞன் கையை விரித்தான். ‘சார்’ என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்மணி கேட்டதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அவரை இறங்கும்படி கேட்டுக்கொண்டார்களா, சொன்னார்களா, கட்டாயப்படுத்தினார்களா, அல்லது அவரே நான் போகிறேன் என்று முன்வந்தாரா? ஆங்கிலத்தில் நான்கும் நான்கு வினைகள். ‘ஆஸ்க்’, ‘டெல்’ இரண்டுக்கும் பின்னால் ‘டு’ வரும். ‘மேக்’ வந்தால் ‘டு’ கிடையாது, மேட் ஹிம் கோ என்பதோடு சரி. ஆனால் அதையே பாசிவில் திருப்பினால் காணாமல் போன ‘டு’ திரும்பி வந்துவிடும், வாஸ் மேட் டு கோ. பத்தாம் வகுப்பில் இதற்கென்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். பிள்ளைகள் பாதிப்பேர் அந்த ‘டு’வை விட்டுவிடுவார்கள்.

நான்கையும் தமிழில் அடுக்கிச் சொன்னேன். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்மணி மேல் அல்ல, என் மேல்.

“இன்னாக்கா கேக்கற? சொன்னா செய்யறதுக்குத்தான வேலைக்குப் போறது? சொல்றது வேற, கட்டாயப்படுத்தறது வேறயா?”

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்மணி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, அவர் மறுத்திருக்க முடியுமா என்று கேட்டார். இளைஞனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கியதும், “மறுத்துட்டு மறுநாளு கேட்டாண்ட நிக்க வேண்டியதுதான். உள்ள வுட மாட்டாங்க” என்றான்.

“தென் ஹி வாஸ் மேட் டு கோ இன்” என்று, அப்படியானால் கட்டாயப்படுத்தித்தான் உள்ளே போகவைத்தார்கள் என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை நானே முடிவு செய்து சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தது.

போகும்போது அவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வார்த்தைகள் நல்ல வார்த்தைகள். கடைசியில், ‘ஐ வில் லுக் இன்டு இட்’ என்றார். கார் கிளம்பிய பிறகு தங்கை கேட்டாள். “இன்னா சொல்லிட்டுப் போறாங்க?”

“விசாரிக்கிறேன்னு சொன்னாங்க.”

“அப்ப இவ்ளோ நேரம் பண்ணது இன்னா?”

அவர் என்ன அறிக்கை எழுதினார் என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை. எழுதியதன் பலன் மட்டும் தெருவுக்கு வந்தது. மழைக்காலம் தொடங்கியதும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்டை நிறுத்தினார்கள். பிறகு பகலில் பாதி ஆட்களை வராதே என்றார்கள். என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு ஆபீசில் சொன்ன பதில் தெருவில் அப்படியே திரும்பத் திரும்பக் கேட்டது. “பையர் புல் அவுட் பண்ணிட்டானாம்.” பள்ளிக்கூடத்தில் எவ்வளவு கத்தினாலும் ஏறாத இந்த வினைகள் அந்தத் தெருவில் எழுதப்படிக்கத் தெரியாத பெண்களுக்கும் ஒரே மாதத்தில் மனப்பாடம் ஆகிவிட்டன. புல் அவுட் என்றால் விலகிக்கொள்வது, லே ஆஃப் என்றால் ஆளை நிறுத்துவது, ஷட் டவுன் என்றால் மூடிவிடுவது. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள்.

அந்தப் பையர், தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரன், எங்கள் பக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டு வேறெங்கோ வாங்க ஆரம்பித்திருந்தான். அங்கேயும் தொட்டி இருக்கும். அது அவன் கவலையில்லை.

ஒருநாள் தங்கை தண்ணீர் பிடிக்கப் போனபோது குழாயடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்களாம். ஒருத்தி மட்டும் நேராகக் கேட்டிருக்கிறாள். “உங்க அக்கா அந்தம்மா கிட்ட இங்கிலீஷ்ல இன்னா சொல்லி வச்சாங்க? நீ சொன்னது ஒண்ணு, அவங்க சொன்னது ஒண்ணா?” தங்கை குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. அந்தக் கேள்விக்கு என் பதில் என்ன என்று அவளும் பார்த்துக்கொண்டிருந்ததுபோல எனக்கு இருந்தது.

“நீங்க சொன்னதத்தான் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள்.

பிறகு அந்த இளைஞனின் அம்மா என் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். மத்தியான இடைவேளை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். மகனுக்கும் வேலை போய்விட்டது. மாத்திரை நின்றால் இருமல் ஜாஸ்தியாகிறது. வேறு கம்பெனிகளில் அவனைப் பார்த்ததுமே, நீதானே அந்தக் கேஸில் சாட்சி என்று கேட்கிறார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“டீச்சர், அந்தம்மாக்கு நீங்க ஒரு லெட்டர் போடுங்கோ. தப்பா சொல்லிட்டோம், அவரு வுழுந்துட்டாருன்னு எழுதுங்கோ. கம்பெனி திரும்பி வந்துடும் இல்ல?”

“வராதும்மா. அவங்க வேற ஊருல வாங்க ஆரம்பிச்சிட்டாங்க.”

“ஒரு வார்த்த தான டீச்சர். எறக்குனாங்கன்றதுக்கு வுழுந்துட்டாருன்னு. உங்களுக்கு இன்னா கஷ்டம்?”

அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மணி அடித்துவிட்டது. நான் வகுப்புக்குப் போகவேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் புறப்பட்டார். கேட்டைத் தாண்டி வெயிலில் அவர் நடந்து போவதைப் பார்த்தபடி நின்றேன். அவர் கேட்டது நியாயமா என்று யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் மகன் என் தங்கையின் கணவரைத் தூக்கப் போய்த்தான் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டான். அந்தக் கடனுக்கு என்னிடம் கொடுக்க ஒரு சொல்கூட இல்லை.

சாயங்காலம் தங்கையிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுனா வேல வருமா?” என்றாள்.

“வராது.”

“நெஜமாவே வராதா?”

“வராதுடி.”

இன்னும் இரண்டு பல் உரித்தாள். “வர்றதா இருந்தா எழுதச் சொல்லியிருப்பேன்” என்றாள். “அவருதான் போய்ட்டாரு. வுழுந்தாருன்னு எழுதனா அவருக்கு இன்னா ஆவப் போவுது?”

எனக்குச் சுருக்கென்றது. அந்த வினைக்காக ஸ்டேஷனில் நின்றதும், வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிச் சொன்னதும் நான். அவளுக்கு அது எப்போதோ வேறு கணக்காகிவிட்டிருந்தது. நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் அந்தத் தெருவில் குடியிருக்க வேண்டும், அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

மேஸ்திரியைத்தான் கம்பெனி முதலில் நிறுத்தியிருந்தது. பாதுகாப்பு விதியை மீறி ஆளை இறக்கியதற்காகவாம். தங்கை பயந்தது அப்படியே நடந்தது. போனில் பேசியவர் யாரென்று கடைசி வரைக்கும் யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டு எங்களுக்குச் சொல்லவில்லை. மேஸ்திரி கொல்கத்தாவில் தோல் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டோம். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அவர் தங்கை வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். நல்ல உயரமான மனிதர். தோள் ஒடிந்ததுபோல இருந்தார். தங்கை எழுந்திருக்கவில்லை. மகளை மட்டும் உள்ளே போகச் சொன்னாள்.

“நாந்தாம்மா எறங்க சொன்னேன்” என்றார்.

அந்த நாள் வரைக்கும் இந்த விஷயத்தில் யாரும் ‘நான்’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொன்னதை நான் கேட்டதில்லை. பேப்பரில் இல்லை, போலீஸ் எழுதியதில் இல்லை, மேனேஜர் பேச்சில் இல்லை, என் ஆங்கிலத்திலும் இல்லை.

“தெரியும்” என்றாள் தங்கை. “போன்ல யாரு?”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “அத கேக்காதம்மா.”

“இப்ப நீங்க சொன்னத எங்கயாவது எழுதிக் குடுப்பீங்களா?”

“ஏற்கெனவே கையெழுத்து வாங்கிட்டாங்க. வுழுந்துட்டாருன்னு எழுதி, எல்லார் கிட்டயும்.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க?”

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகட்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்திருக்கலாம். தங்கை எழுந்து அலமாரியைத் திறந்து, அவர் வீட்டுத் தூக்கை எடுத்துக் கழுவித் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“வீட்டுல அக்கா இத்த தேடுவாங்க. ஊருக்குப் போறப்போ வேணும்” என்றாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டு போனார். அன்று சாப்பிடும்போது தங்கை, மகளுக்குப் பரீட்சை எப்போது என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

கம்பெனி மேல் போட்ட கேஸ் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானும் தங்கையும் வேலூர் போய் வருகிறோம். சாட்சி சொல்லவேண்டிய இளைஞன் ஒருமுறை வந்தான். அடுத்த முறை உடம்பு முடியவில்லை என்று அவன் அம்மா போன் செய்தார். அதற்கடுத்த முறை போனையே எடுக்கவில்லை. தங்கை ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்திருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. தெருவை மாற்றிவிட்டாள். புது வீட்டில் யாருக்கும் அவளை முன்னால் தெரியாது. அது அவளுக்குப் பெரிய நிம்மதி.

பழைய தோல் கம்பெனியை வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனேன். போர்டு மாறியிருந்தது, மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் இளம் வயது. இந்தியில் பேசிக்கொண்டார்கள், பீகாரோ ஒடிசாவோ தெரியவில்லை. எதிரில் இருந்த டீக்கடைக்காரரிடம் யார் இவர்கள் என்று கேட்டேன். “தொட்டி வேலைக்கும் இப்ப அவங்கதான். உள்ளயே தங்கிக்கிறாங்க டீச்சர். நம்ம தெருவுல யாருக்கும் அவங்களத் தெரியாது” என்றார்.